வாட்டர்கூலிங் கணினியில் கூலண்ட் குறைகிறதா? சொட்டு தெரியாத கசிவைக் கண்டுபிடிக்கும் வழி

கணினியைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டை, அதன் தொட்டியான ரிசர்வாயரில் கழுத்துவரை ஊற்றியது நன்றாக நினைவிருக்கிறது. இப்போது பார்த்தால் ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. கேபினெட்டுக்கு அடியில் ஈரம் இல்லை, மதர்போர்டில் சொட்டு இல்லை, கணினியும் வழக்கம்போல ஓடுகிறது. அப்படியென்றால் தண்ணீர் எங்கேதான் போனது?

புதிதாக லூப் (பம்ப், டியூப், ரேடியேட்டர் வழியாகக் கூலண்ட் சுற்றிவரும் பாதை) போட்டவர்கள் இந்த இடத்தில் ஸ்பேனரை எடுத்து, டியூப்பை இணைக்கும் எல்லா ஃபிட்டிங்கையும் இன்னொரு சுற்று இறுக்கிவிடுவார்கள். அதை மட்டும் செய்ய வேண்டாம். சிப்பின் சூட்டை இழுக்கும் பிளாக்கின் அக்ரிலிக் மூடியில் மரை ஓரம் விரிசல் விடுவதும், ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் நசுங்கிப் பிதுங்குவதும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. சும்மா இருந்த இடத்தையும் கசிய வைத்துவிடுவோம். எவ்வளவு குறைகிறது, எந்த வேகத்தில் குறைகிறது என்று முதலில் அளந்து பாருங்கள். அது தெரிந்தாலே எங்கே தேட வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்து வீடுகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. மே மாதத்தில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும், சீலிங் ஃபேன் ராப்பகலாகச் சுற்றும். அந்தக் காற்றில் சின்னக் கசிவு கண்ணில் படாது. ஒரு கணக்கு பாருங்கள். சுமார் 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி. ஒரு ஃபிட்டிங்கில் மணிக்கு ஒரே ஒரு சொட்டு கசிந்தால் நாளைக்கு 1 மில்லிக்குக் கொஞ்சம் மேல், மாதத்துக்கு 36 மில்லி. அந்த ஒரு சொட்டும் கீழே விழாது. ஃபிட்டிங் விளிம்பிலேயே பரவிக் காய்ந்துபோகும். ஆகவே ஈரத்தைத் தேடிப் பிரயோசனமில்லை. காய்ந்த தடத்தைத்தான் தேட வேண்டும்.

குறைவதெல்லாம் கசிவு இல்லை

மட்டம் இறங்க மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, காற்று. புதிதாக நிரப்பிய லூப்பில் ரேடியேட்டருக்குள்ளும் பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களிலும் காற்றுக் குமிழ்கள் சிக்கியிருக்கும். பம்ப் ஓட ஓட அவை மெல்லக் கிளம்பி ரிசர்வாயருக்கு வந்து சேரும், அவை இருந்த இடத்தைக் கூலண்ட் நிரப்பும். முதல் இரண்டு மூன்று வாரம் மட்டம் இறங்குவதற்கு அநேகமாக இதுதான் காரணம். இதில் ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை.

இரண்டு, ஆவி. ரப்பர், பிளாஸ்டிக் டியூப் எதுவும் நூற்றுக்கு நூறு அடைப்பு இல்லை. டியூப் சுவர் வழியாகவே நீராவி மிக மெதுவாக வெளியேறும். சிலிக்கான் டியூபில் இது அதிகம், பிவிசி-யில் அதைவிடக் குறைவு, கறுப்பு இபிடிஎம் ரப்பரில் இன்னும் குறைவு. ரிசர்வாயர் மூடி சரியாக உட்காராவிட்டாலும் இதே கதைதான். கூலண்ட் சூடு ஏற ஏற இந்த இழப்பும் கூடும். வெயில் காலத்தில் அறை 36 டிகிரி என்றால், கேம் ஓடும்போது கூலண்ட் 46, 48 வரை சாதாரணமாகப் போகும். ரேடியேட்டர் சிறியதாக இருந்தால் 50-ஐத் தாண்டும். குளிர் ஊர்க்காரர்கள் “எனக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஊற்றினால் போதும்” என்று சொல்வதை நம் ஊர்க் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவதுதான் உண்மையான கசிவு. உடனே கவனிக்க வேண்டியது இது ஒன்றுதான்.

ஃபிட்டிங்கில் ஈரத்தைப் பார்த்துவிட்டு, “ஒருவேளை வேர்த்திருக்குமோ?” என்றும் சிலர் கேட்பார்கள். இல்லை. ஃபேனும் ரேடியேட்டரும் மட்டும் உள்ள லூப், அறையின் சூட்டுக்குக் கீழே குளிரவே முடியாது. அதன்மேல் வேர்வை படியாது. ஏசி அறையிலிருந்து கணினியை ஐப்பசி மழை நாளில் வெளியே தூக்கி வந்தால் கொஞ்ச நேரம் பனி பூக்கலாம், அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் ஃபிட்டிங் அடியில் ஈரம் கண்டால் அதைக் கசிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: கோடு போடுவது

ரிசர்வாயர் மேல் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பைச் செங்குத்தாக ஒட்டுங்கள். மட்டம் இருக்கும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே நிலையில் பாருங்கள். ஒரே நிலை என்றால் காலையில் கணினி குளிர்ந்திருக்கும்போது, பம்ப் ஒரே வேகத்தில் ஓடும்போது, கேபினெட் இருந்த இடத்தை விட்டு நகராமல்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? தண்ணீர் சூடானால் விரியும். 1 லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 50-க்குப் போனால் சுமார் 7, 8 மில்லி கூடும். ரிசர்வாயரின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர் என்றால், மட்டத்தில் 1 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 2 மில்லி. அதாவது சூட்டினால் மட்டுமே மட்டம் 4 மில்லிமீட்டர் வரை ஏறலாம். சாஃப்ட் டியூப் போட்டிருந்தால் சூட்டில் டியூப்பும் தளர்ந்து விரியும், அதனால் எதிர்ப்பக்கமாக இறங்கவும் செய்யலாம். காலையில் ஒருநாள், ராத்திரி கேம் முடித்து ஒருநாள் என்று மாற்றி மாற்றிப் பார்த்தால் இல்லாத கசிவுக்குப் பயப்படுவீர்கள், இல்லையென்றால் இருக்கிற கசிவைக் கோட்டை விடுவீர்கள்.

நாலு வாரம் போகட்டும். டேப்பில் இருக்கும் கோடுகளைப் பாருங்கள். முதல் வாரம் 6 மில்லிமீட்டர், அடுத்து 3, அப்புறம் 1, பிறகு அசைவே இல்லை என்றால் அது காற்று. விட்டுவிடலாம். மாதத்துக்கு 1, 2 மில்லிமீட்டர் ஒரே சீராக இறங்கி, சித்திரை வைகாசியில் கொஞ்சம் கூடி, மழைக்காலத்தில் குறைந்தால் அது ஆவி. அதைவிட அதிகமாக இறங்கி, வாரா வாரம் இறக்கம் குறையாமல் இருந்தாலோ, கூடிக்கொண்டே போனாலோ கசிவைத் தேட வேண்டியதுதான். கணினியை வெகுநேரம் ஓட்டிய வாரங்களில் மட்டும் கூடுதலாக இறங்கினால், சூட்டில் தளர்கிற ஏதோ ஒரு இணைப்பு இருக்கலாம்.

காற்று இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கச் சுருக்கமான வழி ஒன்று உண்டு. பம்ப் ஓடும்போது மட்டத்தைக் குறித்துக்கொண்டு கணினியை நிறுத்துங்கள். நிறுத்திய உடனே மட்டம் பளிச்சென்று ஏறினால் லூப்பில் காற்று சிக்கியிருக்கிறது. பம்ப் அழுத்தத்தில் சுருங்கியிருந்த குமிழ், அழுத்தம் போனதும் விரிந்து கூலண்டைத் திரும்பத் தள்ளுகிறது. ரிசர்வாயர் மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கேபினெட்டை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெதுவாகச் சாய்த்துக் கொடுங்கள். ரேடியேட்டரிலிருந்து களகளவென்று குமிழ் கிளம்புவது காதிலேயே கேட்கும்.

தடம் தேடுவது

கசிவு என்று சந்தேகம் வந்துவிட்டால், கணினியை நிறுத்தி, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் பின்னால் உள்ள சுவிட்சையும் அணைத்து, சுவரிலிருந்து பிளக்கை உருவுங்கள். செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் இன்னும் சில அறைகளில் இரண்டு துளை பிளக் பாயிண்டுதான் இருக்கும். எர்த் இல்லாத பாயிண்டில் தண்ணீர் ஓடும் கணினியை மாட்டுவதே தப்பு. அதை முதலில் எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

கேபினெட்டுக்கு அடியில் ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரியுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் இது ரொம்ப அவசியம். அந்தப் பூவேலைக்கு நடுவே ஒரு சொட்டு விழுந்தால் கண்ணுக்குப் பிடிபடாது. அது சிமெண்ட் கல் என்பதால் சாயம் கலந்த கூலண்ட் ஊறிவிட்டால் கறையும் லேசில் போகாது. வீட்டில் ஏச்சு வாங்க வேண்டியிருக்கும்.

இப்போது செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாதது சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். ரெடிமேட் கூலண்டில் கிளைக்கால் என்ற பிசுபிசுப்பான திரவமும் சாயமும் இருப்பதால், கசிந்து காய்ந்த இடத்தில் பிசுபிசுப்போ வெளிர் வளையமோ மிஞ்சும். வெறும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றியிருந்தால் தடமே இருக்காது. புதியவர்களுக்குச் சாயக் கூலண்டே மேல் என்று நான் சொல்வது இதற்காகத்தான், அழகுக்காக அல்ல.

பள்ளத்தூரில் தம்பி முறையாகும் ஒருவன் கூப்பிட்டான். “அண்ணே, ஒரு சொட்டுகூட கீழ விழலண்ணே, மட்டம் மட்டும் இறங்கிக்கிட்டே இருக்கு” என்றான். அவன் அப்பத்தா பக்கத்தில் நின்றுகொண்டு, “கரண்டுப் பொட்டிக்குள்ள யாராச்சும் தண்ணிய ஊத்துவாகளா?” என்று கேட்டபடியே இருந்தார். நியாயமான கேள்விதான். எல்லா ஃபிட்டிங்கும் பார்வைக்குக் காய்ந்துதான் இருந்தன. கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும் சுழலும் முழங்கை ஃபிட்டிங்கின் அடிப்பக்கம், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், நூல் கனத்துக்கு ஒரு பச்சை வளையம். காது குடையும் பஞ்சுக்குச்சியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து அங்கே ஓட்டியதும் பஞ்சு நுனி இளம்பச்சையானது. கையால் தொட்டபோது தூசிதான் ஒட்டியது. அந்த வளையத்தைத் துடைத்துவிட்டு, டிஷ்யூ பேப்பரைப் பட்டையாகக் கிழித்து ஃபிட்டிங்கைச் சுற்றிக் கட்டி வைத்தோம். மறுநாள் காலையில் பேப்பரின் கீழ் விளிம்பில் மட்டும் பச்சைக் கோடு.

இந்தப் பஞ்சுக்குச்சியும் டிஷ்யூவும் போதும், விலை கூடிய கருவி எதுவும் தேவையில்லை. சந்தேகமான ஒவ்வொரு இணைப்பிலும் தனித்தனிப் பட்டை கட்டி, எண் எழுதி வையுங்கள். ஃபேன் இறக்கைக்குள் பேப்பர் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே முதலில் பார்ப்பது? என் வரிசை இது. ரிசர்வாயர் மூடியும் அதன் ஓ-ரிங்கும் முதலில், ஏனென்றால் அது சுலபம், அடிக்கடி திறந்து மூடும் இடமும் அதுதான். அடுத்து சுழலும் ஃபிட்டிங்குகள். இவற்றில் வெளியே தெரியும் ஓ-ரிங் தவிர, சுழலும் மூட்டுக்குள்ளே வேறு ஓ-ரிங்கும் இருக்கிறது. டியூப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டிருந்தால் அங்கேதான் கசியும். அப்புறம் வடிகால் வால்வு. வால்வை மட்டும் நம்பாமல் அதன் வாயில் ஒரு அடைப்பு மூடியும் போட்டிருக்க வேண்டும். பம்பின் மேல்மூடி சேரும் வளையம், ரிசர்வாயரின் அடிமூடி, பிளாக்கின் விளிம்பு எல்லாம் அதற்குப் பிறகு. ரேடியேட்டர் கடைசி. அதில் கசிவு அபூர்வம், ஆனால் ஃபேன் மாட்டும்போது நீளமான ஸ்குரூ உள்ளே போய்க் குழாயைக் குத்தியிருந்தால் அது வேறு விஷயம்.

ஹார்டு டியூப் போட்டவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். டியூப் முனையை அறுத்தபின் விளிம்பை நன்றாகத் தேய்த்து மழுக்காவிட்டால், செருகும்போதே அது ஓ-ரிங்கைச் சீவிவிடும். பிஇடிஜி என்ற பிளாஸ்டிக்கில் செய்த டியூப் என்றால் சூடும் ஒரு எதிரி. கூலண்ட் 60 டிகிரியை நெருங்கினால் டியூப் இளகி, ஃபிட்டிங்குக்குள் வடிவம் மாறிக் கசியத் தொடங்கும். மாடி அறையில், ஓட்டுக் கூரைக்கு நேர் கீழே கணினி வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கனத்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள கீழ்க்கட்டு அறை இருக்கும்போது மாடியில் கொண்டுபோய் வைப்பானேன்?

காற்றழுத்தச் சோதனை

டிஷ்யூவிலும் பிடிபடவில்லை என்றால் லூப்பை வடித்துவிட்டுக் காற்றால் சோதிக்கலாம். முள் வைத்த சின்ன லீக் டெஸ்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. மதுரைக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ போகிறவர்களிடம் சொல்லியும் வாங்கலாம். கூலண்டை முழுதாக வடித்துவிட்டு, காலியான ஒரு வாயில் டெஸ்டரைப் பூட்டி, அழுத்தத்தை 0.5 பார் (அழுத்த அளவு) வரை மெதுவாக ஏற்றுங்கள். உங்கள் ரிசர்வாயருக்கும் பிளாக்குக்கும் தயாரிப்பாளர் அதைவிடக் குறைந்த வரம்பு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. சைக்கிள் பம்பை நேராகப் பூட்டி அடிக்கும் வேலை வேண்டாம், அளவு எப்போது மீறியது என்றே தெரியாது.

சாஃப்ட் டியூப் உள்ள லூப்பில் முதல் சில நிமிடம் முள் கொஞ்சம் இறங்கும், டியூப் விரிவதால். மறுபடி 0.5-க்கு ஏற்றிவிட்டு அங்கிருந்து அரை மணி நேரம் பாருங்கள். முள் அசையாமல் நின்றால் லூப் நன்றாக இருக்கிறது, போனது பெரும்பாலும் ஆவிதான். இறங்கினால் லூப்பைப் பாதியாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் அடைப்பு மூடி போட்டுத் தனியே சோதியுங்கள். கசியும் பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். ரேடியேட்டர் மேல் சந்தேகம் வந்தால் அதைக் கழற்றி, ஒரு வாயை அடைத்து, இன்னொன்றில் காற்று ஏற்றி, பஞ்சர் கடையில் டியூப்பை அமுக்குவதுபோல வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழ் வரும் இடத்தைச் சோப்புத் துண்டால் குறித்துக்கொள்ளலாம்.

சரிசெய்வது

பெரும்பாலும் ஓ-ரிங்கை மாற்றினால் தீர்ந்துவிடும். பழையதைக் கழற்றி விரலில் உருட்டிப் பாருங்கள். தட்டையாகி இருந்தாலோ, வெட்டு விழுந்திருந்தாலோ, வறண்டு கெட்டியாகி இருந்தாலோ அது போய்விட்டது. ஃபிட்டிங் விற்றவர்களே உதிரி ஓ-ரிங்கும் விற்பார்கள். அவசரத்துக்கு மோட்டார் பம்ப் ரிப்பேர் கடையில் பழையதைக் காட்டி, உள்விட்டமும் கனமும் ஒத்துப்போகிறதைக் கேட்டு வாங்கலாம். மாட்டும் முன் கூலண்டில் நனைத்துக்கொண்டால் முறுக்கிக்கொள்ளாமல் உட்காரும். ஃபிட்டிங்கைக் கையால் இறுகும் வரை திருகினால் போதும். மரைக்கு டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். ஜி 1/4 என்ற மரை அளவுள்ள இந்த ஃபிட்டிங்குகளில் அடைப்பது மரை இல்லை, ஓ-ரிங்தான்.

கிராஃபிக்ஸ் கார்டிலோ மதர்போர்டிலோ கூலண்ட் பட்டிருந்தால், பிளக்கை உருவியபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு முழு நாளாவது காயவிடுங்கள். அதே ஆல்கஹாலை அக்ரிலிக் ரிசர்வாயரிலோ பிளாக்கிலோ தொடவிடாதீர்கள், மயிரிழை மயிரிழையாக விரிசல் விடும். அக்ரிலிக்குக்கு டிஸ்டில்டு வாட்டரும் மெல்லிய துணியும் போதும்.

திரும்ப நிரப்பும்போது பம்பை மட்டும் ஓட்டிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு, டிஸ்க் எல்லா இணைப்பையும் கழற்றிவிட்டு, பம்பை மட்டும் விட்டு, 24 பின் கனெக்டரில் ஜம்பர் பிளக்கைச் செருகினால் கணினி உயிர்பெறாமலே பம்ப் ஓடும். ஜம்பர் பிளக் சின்ன விலைதான். கம்பியை வளைத்துச் செருகுவதைவிட அதை வாங்கிவிடுங்கள். அடியில் வேட்டி, ஃபிட்டிங்கில் டிஷ்யூ, ஓர் இரவு முழுக்க ஓட்டம். காலையில் எல்லாம் காய்ந்திருந்தால் மற்ற இணைப்புகளை மாட்டலாம்.

எதை ஊற்றி நிரப்புவது

இதில் பலரும் சறுக்குகிறார்கள். ஆவியாகப் போனது தண்ணீர் மட்டும்தான். கிளைக்காலும் அரிப்புத் தடுப்பானும் சாயமும் உள்ளேயே இருக்கின்றன. அதனால் ஆவி இழப்புக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் கூலண்டையே ஊற்றிக்கொண்டு போனால் கலவை கெட்டியாகிக்கொண்டே போகும். கசிவில் போனது கூலண்டாகவே போனது. அதற்கு அதே கூலண்டை ஊற்ற வேண்டும். வேறு கம்பெனிக் கூலண்டைக் கலக்காதீர்கள். சில சாயங்கள் சேர்ந்தால் திரிந்து பிளாக்கை அடைக்கும்.

கேன் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் எதுவும் டிஸ்டில்டு வாட்டருக்குப் பதிலாகாது. கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பேட்டரிக் கடையில் கேட்டால் கிடைக்கும், ஆனால் வாங்கும்போது சீல் பிரிக்காத பாட்டிலா என்று பாருங்கள். பக்கத்தில் ஆசிட் பாட்டிலும் அதே மாதிரி இருக்கும், லேபிளை வாசித்துவிட்டு எடுங்கள்.

உலோகம் பற்றியும் ஒரு வார்த்தை. பிளாக் செம்பாக இருந்து ரேடியேட்டர் அலுமினியமாக இருந்தால், கூலண்ட் வழியாக இரண்டுக்கும் நடுவே மின்வேதி அரிப்பு தொடங்கும். அலுமினியம் கரைந்து, ஒருநாள் ஊசித்துளை விழும். காரைக்குடியில் 1953-ல் திறந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இத்தனை வருஷமாக உலோக அரிப்பை ஆராய்ந்துகொண்டிருக்கிறது. அந்த ஊரில் இருந்துகொண்டு விலை குறைவு என்று கலப்பு லூப் போடலாமா? செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு ஒரு பக்கம். அலுமினியம் வேறு பக்கம். இரண்டையும் ஒரே லூப்பில் சேர்க்காதீர்கள்.

ரெடிமேட் கூலர் வைத்திருப்பவர்களுக்கு

பம்ப், டியூப், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாகச் சேர்த்துச் சீல் வைத்து வரும் ஏஐஓ (ஆல்-இன்-ஒன்) கூலர்களில் மட்டம் பார்க்கவும் முடியாது, பெரும்பாலானவற்றில் ஊற்றவும் முடியாது. அதிலும் டியூப் வழியாகத் தண்ணீர் வருஷக்கணக்கில் மெல்லக் குறையும். கணினியைப் போட்டவுடன் களகள சத்தம், முன்பு இல்லாத சூடு, பம்பிலிருந்து கரகரப்பு, இவைதான் அடையாளம். ரேடியேட்டரின் மேல்பகுதி பம்பைவிட உயரத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் காற்று பம்பில் வந்து நிற்கும். சரியாக மாட்டியும் சத்தம் போகவில்லை, கேரண்டி இருக்கிறது என்றால் திருப்பிக் கொடுங்கள். கேரண்டி முடிந்திருந்தால் அதைத் திறந்து நோண்டுவதைவிடப் புதிதாக வாங்குவதே மலிவு.